உதவும் குணத்துக்கு ஏற்ற வேலை எது?

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் தொழில் தேர்வு பற்றிய தமது கோட்பாட்டை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ராணுவத்தில் புதிதாகச் சேர வந்தவர்களை நேர்காணல் செய்யும் வேலை அவருக்கு. வந்தவர்கள் அதுவரை என்னென்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்கக் கேட்க, மனிதர்களின் நாட்டங்கள் ஒருசில வகைகளுக்குள் அடங்கிவிடுவதாக அவருக்குத் தோன்றியது. பின்னாளில் அவர் வகுத்தவை ஆறு: கருவி பிடித்துக் கையால் வேலை செய்யும் நாட்டம், ஆராயும் நாட்டம், கலை நாட்டம், பிறருக்கு உதவும் சமூக நாட்டம், முன்னின்று நடத்தும் நாட்டம், ஒழுங்காகக் கணக்கு வழக்கு வைக்கும் நாட்டம். இன்று தொழில் வழிகாட்டிகள் கையில் இருக்கும் பல வினாத்தாள்களுக்கு இந்த ஆறுதான் அடிப்படை.

சமூக நாட்டம் உள்ளவர்களை அடையாளம் காண வினாத்தாளே தேவையில்லை. வகுப்பில் பின்தங்கிய நண்பனுக்கு இரவு உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொடுக்கும் பையன், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஓய்வூதியப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் பெண், சண்டை போட்ட இரண்டு தோழிகளும் தனித்தனியே வந்து மனம்விட்டுப் பேசும் மூன்றாவது தோழி எனப் பள்ளி வயதிலேயே இவர்கள் தெரிந்துவிடுவார்கள். இயந்திரத்தோடும் எண்ணோடும் நாள் முழுக்கத் தனியாக இருப்பது இவர்களுக்குச் சோர்வு தரும்; எதிரில் ஓர் ஆள் இருந்தால் உற்சாகம் வரும்.

ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் இந்தக் குணத்துக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில்கள் மூன்றே. மதிப்பெண் இருந்தால் டாக்டர், இல்லாவிட்டால் நர்ஸ், அதுவும் வேண்டாமென்றால் டீச்சர். ஹாலண்டே இப்படிச் சொல்லவில்லை. ஒருவரிடம் ஒரு நாட்டம் மட்டும் இருப்பதில்லை. மேலோங்கி நிற்கும் மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முறை. உதவும் குணம் உள்ளவருக்கு எந்த வேலை பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் குணத்துக்கு அடுத்தபடியாக அவரிடம் இருக்கும் இரண்டாவது நாட்டம்தான். கை சும்மா இருக்காதவரா, காரணம் தேடுபவரா, பொறுமையாகக் கேட்பவரா, கூட்டம் சேர்த்து வேலை வாங்குபவரா என்பதைப் பொறுத்து வழிகள் பிரிகின்றன. வழிகாட்டும் பெரியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான், மனம் நிறைய இரக்கத்தோடு போய்த் தவறான இடத்தில் வாடுகிறவர்கள் இத்தனை பேர்.

ஒரே குணம் எத்தனை வேலைகளில் பொருந்தும் என்பதற்கு சிசிலி சாண்டர்ஸின் வாழ்க்கை நல்ல சான்று. 1918இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை இடையில் நிறுத்திவிட்டுப் போர்க்காலத்தில் நர்ஸ் ஆனார். முதுகுவலி காரணமாக அந்த வேலை நிலைக்கவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மாறினார். அங்கே, புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த போலந்து நாட்டு நோயாளி ஒருவரோடு ஏற்பட்ட பழக்கம், குணமாக்க முடியாதவர்களின் வலியை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதை அவருக்கு உணர்த்தியது. மருத்துவர்கள் காதுகொடுக்க வேண்டுமானால் மருத்துவராக வேண்டும் என்று முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படிக்கப் போனார், 1957இல் தேறினார். 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் இன்றைய வலி நிவாரண மருத்துவத்தின் தொடக்கப் புள்ளி. உடல் வலியோடு மனக்கவலை, குடும்பக் கவலை, பணக்கவலை எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்று அவரால் சொல்ல முடிந்ததற்கு, மூன்று வேலைகளையும் பார்த்த அனுபவம் காரணம்.

கையும் மனமும்

ஹாலண்டின் அறுகோணப் படத்தில் சமூக நாட்டத்துக்கு நேர் எதிர்முனையில் இருப்பது கைவேலை நாட்டம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து மேலோங்குவது அரிது என்பது அதன் பொருள். ஆனால் செவிலியர் பணி, இயன்முறை மருத்துவம், செயற்கைக் கால் தயாரிப்பு போன்றவை இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்கின்றன. படத்தின் இந்தப் பகுதி நடைமுறைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும்.

செவிலியர் பணியை வெறும் கனிவின் வேலையாகக் காட்டுவது அந்தப் பணிக்குச் செய்யும் அநீதி. மருந்தின் அளவை உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிடுவது, ரத்த நாளம் கிடைக்காத குழந்தையின் கையில் முதல் முறையிலேயே ஊசி ஏற்றுவது, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரின் நாடித்துடிப்பு ஏறி ரத்த அழுத்தம் இறங்குவதைக் கண்டு உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று டாக்டரை எழுப்புவது எல்லாம் அறிவும் கைத்திறனும் சேர்ந்த வேலைகள். வேலூரில் 1900ஆம் ஆண்டு ஒரு சிறிய மருந்தகத்தோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய பணி, 1909இல் செவிலியர் பயிற்சியாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் விரிந்தது. அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.). அங்கே 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு வந்தது. டெல்லியிலும் அதே ஆண்டில் தொடங்கியது. நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்பவர் என்ற எண்ணத்தை மாற்றியதில் இந்தப் பட்டப்படிப்புக்குப் பங்கு உண்டு.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். டிப்ளமா மூன்று ஆண்டு, ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. பிளஸ் டூவில் அறிவியல் எடுக்காதவர்களும் ஏ.என்.எம். படிப்பில் சேரலாம். ஊர்ப்புறத்தில் தடுப்பூசி அட்டையோடு வீடு வீடாக வரும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இந்த வழியில் வந்தவர்கள். ஊரில் யார் கர்ப்பம், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், எந்த வீட்டு மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மருத்துவமனைப் பரபரப்பு ஒத்துவராத, ஒரே ஊரோடு ஆண்டுக்கணக்கில் பழக விரும்பும் குணத்துக்கு இது மிகப் பொருத்தமான வேலை.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இந்த வகைப் பணிகளுக்கு இன்னொரு வாசலைத் திறந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை, பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி, படுத்த படுக்கையானவர்களுக்கு வலி நிவாரணச் செவிலியர் என்று அதன் அமைப்பு. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் மருத்துவத்துக்குக் கேரளம் முன்னோடி. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் மாநிலம் முழுக்கப் பரவி, 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. இறுதிக்கட்ட நோயாளியின் வீட்டில் புண்ணுக்கு மருந்திடுவதோடு வேலை முடிவதில்லை. இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் மனைவி கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்பதும் அந்தச் செவிலியரின் வேலையில் சேரும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கிறது. பார்வைப் பரிசோதனை, அறுவை அரங்க உதவி, நோயாளிக்கு ஆலோசனை என்று அவரவர் திறனுக்கேற்பப் பிரித்து அனுப்புகிறார்கள். ஆலோசனைப் பிரிவில் இருக்கும் பெண், கண்புரை என்றால் என்ன, எந்த லென்ஸ் எவ்வளவு, எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதையெல்லாம் நோயாளியின் பேச்சுவழக்கிலேயே சொல்கிறார். ஓர் அறுவை நிபுணரின் நேரம் அறுவைக்கே செலவாகிறது என்றால் அதற்குப் பின்னால் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

ஒலிக்காகக் காத்திருப்பது

பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி ஆகிய மூன்றும் நகரங்களில்கூடப் பலருக்குச் சரியாகத் தெரியாத துறைகள். இவற்றில் வெற்றி தினந்தோறும் கண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உதவும் குணத்தோடு காரணம் தேடும் புத்தியும், சலிக்காத பொறுமையும் உள்ளவர்களுக்கு இவை உகந்தவை.

காது கேளாமல் பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. கருவியை இயக்கிய அன்றே குழந்தை பேசிவிடும் என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் அன்றுதான் அதன் செவிக்கு வயது தொடங்குகிறது. பயிற்சியாளர் கருவி பொருத்திய பக்கமாகக் குழந்தையின் அருகில் உட்காருகிறார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக வாயை மறைத்துக்கொள்கிறார். குழந்தையின் கையில் ஒரு மணி. ஒலி கேட்டால் அதை டப்பாவில் போட வேண்டும். ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகள். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை இந்த ஆறும் தொட்டுவிடுவதால், டேனியல் லிங் என்ற ஆசிரியர் வகுத்த இந்தச் சோதனையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். முதல் வாரங்களில் ‘ம்’ மட்டும் கேட்டு மணி விழலாம். ‘ஸ்’ கேட்டு மணி விழ இன்னும் பல நாள் ஆகலாம். அதுவரை ஒவ்வொரு நாளும் அதே ஆறு ஒலி, அதே டப்பா. பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் வீட்டில் பயிற்சியாளர் அவர்தான். ஆகவே இந்த வேலையில் பாதி, அம்மாவுக்கு நம்பிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது.

இந்தத் துறைக்கு நாட்டின் முதன்மையான நிறுவனம் மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது; சிறப்புக் கல்வி, தெரபி, செயற்கை உறுப்புத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் அங்கே படிப்புகள் உண்டு. 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக முழு வாழ்நாளைத் தந்தவர்கள் பலரை உருவாக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகைக் குறைபாடுகள் இருந்த பட்டியலை 21 ஆக விரித்தது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதால், சிறப்பு ஆசிரியர்களின் தேவை கூடிக்கொண்டே போகிறது.

செயற்கைக் கால் செய்பவரை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. ஜெய்ப்பூர் கால் என்று உலகம் அறிந்த காலை 1960களின் இறுதியில் உருவாக்கியவர்கள் டாக்டர் பி.கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும். மேலைநாட்டுச் செயற்கைக் கால் ஷூ போடுவதற்காகச் செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு சம்மணம் போடவோ, குத்துக்காலிடவோ, வெறுங்காலோடு சேற்றில் இறங்கவோ முடியாது. ரப்பரில் இந்தியக் காலை வார்த்தெடுத்தது சர்மாவின் கைத்திறன். உதவி என்றதும் பேச்சையும் கனிவையும் மட்டுமே நினைக்கிறவர்களுக்கு, அதிகம் பேசாத, பட்டறையில் குனிந்திருக்கும் உதவியாளரும் உண்டு என்று அவர் காட்டினார். இன்று இதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது.

கேட்பவர்கள்

“எல்லாரும் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள், எனக்குக் கவுன்சலிங் சரிவரும்” என்று சொல்லும் இளைஞர்கள் இன்று அதிகம். அந்த உணர்வு மெய்யானது. ஆனால் நண்பனாகக் கேட்பதும் தொழிலாகக் கேட்பதும் வேறு வேறு. நண்பன் தன் கருத்தைச் சொல்லலாம், பக்கம் சாயலாம், இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கலாம். தொழில்முறை ஆலோசகர் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், தன் வாழ்க்கைக் கதையைக் கலக்காமல் கேட்கிறார். எதிரில் இருப்பவர் தானே ஒரு முடிவுக்கு வரும்வரை அவசரப்படாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. பிறர் துயரத்தை உடனே சரிசெய்துவிடத் துடிக்கிறவர்கள் முதல் ஆண்டிலேயே இதில் தடுமாறுவார்கள்.

இந்தத் துறையில் படிப்பின் படிகளைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம். உளவியலில் எம்.எஸ்சி. முடித்தால் மட்டும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற படிப்பை, மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்துப் பதிவு பெற வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் இதற்குப் பெயர்பெற்ற இடம். சென்னைக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794வரை பின்னோக்கிச் செல்கிறது. மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பை 1984இல் நிறுவியவர், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் எம். சாரதா மேனன். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், சோதனையும் பேச்சுச் சிகிச்சையும் தருபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், நோயாளியின் வீட்டையும் வேலையையும் ஊரையும் கவனிப்பவர் மனநலச் சமூகப் பணியாளர். மூன்று பேருக்கும் உதவும் குணம் ஒன்றுதான். உடன் சேரும் நாட்டம் வேறு.

வேலைவாய்ப்பும் விரிந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நாள் முழுக்க ஆலோசகர்கள் தேவை. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலிருந்து, நீட் தேர்வு எழுதிய மாணவர்களைத் தாமாகவே அழைத்துப் பேசுகிறார்கள். முகம் தெரியாத குரலை மட்டும் கேட்டு ஆபத்தின் அளவைக் கணிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

முன்னின்று செய்பவர்கள்

உதவும் குணத்தோடு, பத்துப் பேரைத் திரட்டிக் காரியம் முடிக்கும் சாமர்த்தியமும் இருந்தால் சமூகப் பணி. இதற்கு எம்.எஸ்.டபிள்யூ. என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். நாட்டில் இந்தக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கியது. அன்றைய டோராப்ஜி டாட்டா பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் வந்தது.

இந்தப் படிப்புக்கு வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள். பதில் பல இடங்களில் சட்டத்திலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் ஆனார். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்னது. அந்தப் பணத்தைத் திட்டமாக மாற்ற ஆள் வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் நன்னடத்தை அலுவலர் பதவிகளிலும் இந்தப் படிப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 எண்ணே, 1996இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியிலிருந்து ஜெரூ பில்லிமோரியா தொடங்கியதுதான். சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம் பெண்கள் தெருவில் திரியும் மனநோயாளிப் பெண்களுக்காக பான்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். இரக்கப்பட்டு ஒருவருக்குச் சோறு போடுவதோடு நிற்காமல், அவரை ஊருக்குத் திரும்ப அனுப்ப ஓர் அமைப்பையே கட்டியெழுப்பத் துணிந்த குணம் அது.

சமூகப் பணியின் கிளைகளில் அதிகம் பேசப்படாதது உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பணி. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தம், உறுப்பு மாற்றுச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைகளில் இவர்களைக் கட்டாயமாக்கியது. 1997இல் சென்னையில் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன் இதற்குப் பயிற்சி தருகிறது. 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தபோதுதான் இப்படி ஒரு தானம் இருப்பதே தமிழகத்தில் பரவலாகத் தெரிந்தது.

அந்த வேலையின் மையம் ஓர் உரையாடல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, பைக் விபத்தில் அடிபட்ட இருபது வயது மகனுக்காகப் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். உறுப்பைப் பொருத்தப்போகும் மருத்துவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சுடுகிறது. “மூச்சு வருதேம்மா” என்று அம்மா சொல்கிறார். அது கருவி தரும் மூச்சு என்பதை, எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறை, குரல் மாறாமல் ஒருங்கிணைப்பாளர் சொல்ல வேண்டும். தானம் என்ற பேச்சை அவர் அப்போது எடுக்க மாட்டார். மகன் போய்விட்டான் என்பது அவர்கள் மனதில் இறங்கிய பிறகு, முடிவெடுக்கக்கூடிய பெரியவர் யார் என்று பார்த்து, தனி அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் கேட்பார். மறுத்தாலும் முகம் மாறக் கூடாது. சம்மதித்தால், விபத்து வழக்கு என்பதால் காவல் நிலையத்துக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை, இறப்புச் சான்று, ஊருக்கு வண்டி வரை அவரே அலைய வேண்டும். துக்கத்தின் அருகில் கலங்காமல் உட்காரவும், அடுத்த நிமிடமே பத்து இடங்களுக்குப் போன் போடவும் தெரிந்த அபூர்வமான கலவை இது. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்குத் தமிழக அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிறது; அதற்கு மாவட்ட நிர்வாகத்தோடு பேசுவதும் இப்போது இவர்களின் வேலைகளில் ஒன்று.

108 வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளரும் இந்த இனம்தான். அவருடைய உதவிக்கு நிமிடக் கணக்கு. ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகு நோயாளி என்ன ஆனார் என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியவருவதில்லை. நீண்ட உறவை விரும்புகிறவருக்கு இது மனநிறைவு தராது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள், சட்டத் தன்னார்வலர்கள் ஆகியோருக்கும் இங்கே இடம் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், சிறைக் கைதிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது.

பெயரில் உதவி என்ற அடையாளமே இல்லாத வேலைகளும் இந்தக் குணத்துக்கு இடம் கொடுக்கும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி ஏமி ரெஸ்னீவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் செய்த ஆய்வு புகழ்பெற்றது. சிலர் தரையைத் துடைப்பதே வேலை என்றார்கள். வேறு சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று எண்ணி, தனியாகக் கிடப்பவரிடம் நாலு வார்த்தை பேசினார்கள், செவிலியரின் வேலைக்கு இசைவாகத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். சம்பளமும் பதவியும் இரு சாராருக்கும் ஒன்றே.

விலை

இந்த வேலைகளைப் புகழும் சமூகம், இவற்றுக்கான சம்பளத்தைத் தர மனமில்லாமல் இருக்கிறது. சேவை என்று பெயர் வைத்தாலே ஊதியம் கேட்பது தவறு என்றாகிவிடுகிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலை பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் தலையிட்ட பிறகு அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் போராடியதால் 2018இல் அது அரசாணையானது. பல மாநிலங்களில் அது பரிந்துரையாகவே நிற்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்கள் 1975 முதல் நாட்டின் குழந்தைகளுக்குச் சோறும் முதல் பாடமும் கொடுத்துவந்தும் அவர்கள் பெறுவது மதிப்பூதியம்தான். இந்தத் துறைகளில் பெண்கள் மிகுதி என்பதற்கும் ஊதியம் குறைவு என்பதற்கும் உள்ள தொடர்பை யாரும் மறைக்க முடியாது. செவிலியர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும், மொழித் தேர்வு எழுதி ஜெர்மனிக்கும் போவது பண ஆசையால் என்று குறை சொல்கிறவர்கள் இங்கே தரப்படும் சம்பளச் சீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொரு விலை மனத்தில் செலுத்த வேண்டியது. நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில், முழு ஈடுபாட்டோடு வந்த தன்னார்வலர்கள் சில மாதங்களில் வெறுமையாகிப் போவதை உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் கவனித்து 1974இல் எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் அதை அளக்கும் வினாத்தாளை உருவாக்கினார். அவர் கண்ட அறிகுறிகள் மூன்று: மனம் வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை ஆளாக அல்லாமல் எண்ணாகப் பார்த்தல், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம். இரண்டாவது அறிகுறி தெரிந்தால் “இவள் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டாள்” என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் மிகவும் இளகிய மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் அது இருக்கலாம். பிறர் வலியைத் தன் வலியாக அப்படியே வாங்கிக்கொள்வது சோர்வைத் தருகிறது, அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற பரிவு தெம்பைத் தருகிறது என்பதை ஜெர்மானிய நரம்பியலாளர் டானியா சிங்கர் குழுவின் ஆய்வுகள் காட்டின. பரிவைப் பயிற்சியால் வளர்க்கவும் முடிகிறது. ஆனால் தனி மனிதரின் பயிற்சியால் மட்டும் இது தீராது. ஒரே செவிலியர் இரவில் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் இடத்தில் தியானம் கற்றுக்கொடுப்பதால் பயனில்லை. இன்னும் ஆள் போட வேண்டும்.

வேலையைத் தேர்வதற்கு முன் சிறிது காலம் அதன் அருகில் இருந்து பார்ப்பது எந்த வினாத்தாளையும்விட நம்பகமானது. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான சினேகாவில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான் அழைப்பவர்களின் பேச்சைக் கேட்கிறார்கள். வலி நிவாரண மையம், சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம் என எந்த ஊரிலும் ஏதாவது ஓர் இடம் விடுமுறையில் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கும். அங்கே கவனிக்க வேண்டியது மகிழ்ச்சியை அல்ல, களைப்பை. ஒரே ஆளோடு மாதக்கணக்கில் இருந்ததில் களைப்பா, புதுப்புது ஆட்களைச் சந்தித்ததில் களைப்பா, பேசிப் பேசிக் களைப்பா, கோப்பு எழுதிக் களைப்பா என்று பார்த்தால் இரண்டாவது நாட்டம் தானாக வெளிப்படும்.

கல்லூரி தேர்வில் ஓர் எச்சரிக்கை. தெரபி, கவுன்சலிங், சிறப்புக் கல்வி என்ற பெயரில் ஆறு மாதச் சான்றிதழ் தரும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. செவிலியர் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பும் மாநிலக் கவுன்சில் பதிவும் வேண்டும். சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, கிளினிக்கல் சைக்காலஜி ஆகியவற்றுக்கு மறுவாழ்வுக் கவுன்சில். இயன்முறை மருத்துவம், ஆக்குபேஷனல் தெரபி போன்றவற்றுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய ஆணையம் வந்திருக்கிறது. மருத்துவமனைச் சமூகப் பணியாளரும் அதன் பட்டியலில் உண்டு. பொதுவான சமூகப் பணிக்கு இன்னும் அப்படியொரு தேசியப் பதிவு முறை இல்லாததால், கல்லூரியில் களப்பணி எத்தனை நாள், எங்கே, யார் மேற்பார்வையில் என்று கேட்டுத்தான் தரத்தை அறிய வேண்டும். கட்டணம் கட்டுவதற்கு முன், கல்லூரியின் பெயர் அந்தந்தக் கவுன்சிலின் இணையப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தவர் படிப்பை முடித்த பிறகும் பதிவு பெற முடியாது. பதிவு இல்லாதவரை அரசு மருத்துவமனையோ வெளிநாடோ வேலைக்கு எடுக்காது.